முதல்ல இ.எஸ்.ஐ. அட்டை கொடுக்கச் சொல்லுங்க
தொழிலாளருக்குக் கம்பெனியே குழுப் பல் காப்பீடு எடுக்கணும்னு பல் காப்பீடு பத்தி வந்த கட்டுரை சொல்லுது. நல்லதுதான். ஆனா எங்க ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் மீன் கம்பெனியில பல பேர் காண்ட்ராக்ட் ஆளுங்க, இ.எஸ்.ஐ. (தொழிலாளருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அட்டையே கிடையாது. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்குற இடத்துல, மாசம் 21,000 ரூபா வரை சம்பளம்னா அது சட்டப்படி கட்டாயம். சம்பளத்துல தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பல் வைத்தியமும் அதுலயே அடக்கம்.

தனியார் குழு பாலிசியை நம்பி ஏமாறாதீங்க. பெரும்பாலும் விபத்துல பல் உடைஞ்சு ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் பணம். சொத்தைப் பல்லுக்கும் வேர் சிகிச்சைக்கும் கைக்காசுதான். புறநோயாளிச் செலவையும் சேர்த்துத் தர்றாங்களான்னு கேட்டு வாங்கணும்.

அப்புறம், விசைப்படகுல மாசச் சம்பளம் இல்லாம, பிடிக்கிற மீன்ல பங்குக்குப் போறவருக்கு எந்தக் கம்பெனி பாலிசி எடுக்கும்? வாயில புகையிலையை அடக்கிக்கிட்டு ராத்திரி முழுக்க வலை இழுக்குறவர் அவருதான். கட்டுரையில அவரைக் காணோமே!