மறு ஒட்டிய நாயகனும் மீசை மழித்த நானும்

பழைய தமிழ்ப் படங்களின் நம்ப முடியாத காட்சிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில், கன்னத்தில் ஒரு மறுவை ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்குக்கூட நாயகனை அடையாளம் தெரியாது என்று அதை எழுதியவர் கேலி செய்திருக்கிறார். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், சென்ற மாதம் மீசையை மழித்துக்கொண்டு மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் குடியிருப்புக்குத் திரும்பும் வரை. ஒன்பது ஆண்டுகளாக எனக்கு நாள்தோறும் வணக்கம் சொல்லும் காவலாளி, என்னை வாசலில் நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, வருகைப் பதிவேட்டை நீட்டினார். வந்தவர், பார்க்க வேண்டியவர் ஆகிய இரண்டு கட்டங்களிலும் என் பெயரையே எழுதினேன். அதற்கு அவர் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை என்பது தனிக்கதை.

கிராமத்து நாயகன் சென்ட்ரலில் இறங்கி, 1959இல் திறக்கப்பட்ட 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த காட்சியிலேயே யாரையும் வழி கேட்காமல் மாமா வீட்டை அடைந்துவிடுவது நம்ப முடியாததுதான். ஆனால் செயற்கைக்கோளின் துணையோடு இட்லி கொண்டுவரும் தம்பி, எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டு, "சார், உங்கள் வீடு எங்கே இருக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'யில், நாகேஷ் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு, படம் எடுக்கப் பணம் கேட்டுத் தந்தை பாலையாவை நச்சரிப்பதைப் பார்த்து மட்டும் இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் மகன் மாடியறையில் ஒரு ஸ்டார்ட்-அப் தொடங்கியிருக்கிறான்.