பக்கத்து சீட்டில் இருந்தவரை ஏன் யாரும் கேட்கவில்லை?

டிரைவிங் ஸ்கூலில் கார் பழகும் ஒரு பெண் தப்பான பெடலை மிதித்து டீக்கடை பெஞ்சில் மோதும் அந்த எல் போர்டு கார் வீடியோவைக் காலையிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். கீழே வந்த கமெண்ட்களையும் படித்தேன். ‘லேடி டிரைவர்னாலே இப்படித்தான்’, ‘பிரேக் எது ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாதா’, ‘இவங்களுக்கெல்லாம் எதுக்கு கார்’. டீக்கடை பெஞ்ச் உடைந்ததோடு போயிற்று, யாருக்கும் அடிபடவில்லை என்பதால் எல்லோருக்கும் சிரிப்பு. ஒரே ஒரு கேள்வியைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த மாஸ்டர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? கார் பெஞ்சில் மோதி நின்ற பிறகுதான் அவர் காதிலிருந்து போனை எடுக்கிறார். வீடியோவிலேயே தெளிவாகத் தெரிகிறது.

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் பிரேக், கிளச் இருக்கும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. புதிதாக ஓட்டுகிறவர் பதற்றத்தில் தப்பான பெடலை மிதிப்பார் என்று தெரிந்துதான் அந்த விதியை வைத்தார்கள். ‘என்ன இருந்தாலும் மிதித்தது அந்தப் பெண்தானே’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆமாம், அவர்தான் மிதித்தார். ஓட்டத் தெரியாததால்தானே பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறார்? தெரிந்தவர் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த நேரத்தில் வேறென்ன வேலை?

எனக்கு இது புதிதில்லை. மதுரையில் நான் முதலில் சேர்ந்த ஸ்கூலை வீட்டுக்குப் பக்கம் என்பதால் தேர்ந்தெடுத்தோம். காரில் ஒரு நேரத்துக்கு மூன்று பேர். ஒருவர் ஓட்ட, மற்ற இருவரும் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். என் முறை வந்ததும் மாஸ்டர் இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு வலது கையால் என் ஸ்டியரிங்கைத் திருப்புவார். கிளச்சும் அவர் காலில், பிரேக்கும் அவர் காலில். ‘நல்லா ஓட்டுறீங்கம்மா’ என்பார். நானும் நம்பினேன். வண்டியை ஓட்டியது அவர்தான் என்பது அவர் காலை எடுத்த நாளில்தான் தெரிந்தது. காளவாசல் சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். ‘ஏம்மா, இவ்வளவு நாளா என்னத்தக் கத்துக்கிட்ட?’ என்று மாஸ்டர் அத்தனை பேர் முன்னால் கத்தினார். ஹாஃப் கிளச், அதாவது கிளச்சைப் பாதி மட்டும் விட்டு வண்டியை நகர்த்துவது, என்றால் என்னவென்றே அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

இரண்டாவதாகப் போன இடத்து மாஸ்டர் அறுபதை நெருங்கியவர். முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. சீட்டை முன்னால் இழுத்து, கிளச்சை முழுதாக மிதிக்க முடிகிறதா என்று பார்த்தார். மூன்று கண்ணாடிகளையும் என்னையே சரிசெய்ய வைத்தார். அப்புறம் ஆளில்லாத தெருவில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளச்சை மட்டும் மெதுவாக விட்டு வண்டியை நகர்த்தச் சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். பிறகு மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னால் உருளாமல் எடுக்கப் பழக்கினார். ‘ரோட்டுல பாக்குறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டுங்கம்மா’ என்பார். வலப்பக்கம் ஆட்டோ, முன்னால் நாய், பார்க்கிங்கில் நிற்கும் காரின் கதவு திறக்கலாம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். நான் எங்கே பார்க்கத் தவறுகிறேன் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. போனை டேஷ்போர்டுக்குள் போட்டு மூடிவிடுவார்.

இரண்டு ஸ்கூலிலும் அதே மாடல் கார்தான், கட்டணத்திலும் பெரிய வித்தியாசமில்லை. மாறியது பக்கத்து சீட்டு ஆள் மட்டும்தான். அதனால்தான் சொல்கிறேன், ஸ்கூலைப் பார்க்காதீர்கள், மாஸ்டரைப் பாருங்கள். நாம் எதைப் பார்க்கிறோம்? பக்கத்தில் இருக்கிறதா, ஐந்நூறு ரூபாய் குறையுமா, ‘லைசென்ஸையும் அவங்களே எடுத்துக் கொடுத்துடுவாங்களா?’ குறுக்குவழியில் லைசென்ஸ் வாங்கித் தருவதாக நம்பவைக்கக் கூடாது என்பது ஸ்கூல் நடத்துவதற்கான நிபந்தனைகளில் ஒன்று. நாமோ அதை வாசலில் நின்று கேட்டு வாங்குகிறோம்.

அதே விதிகளில் மாஸ்டருக்கும் தகுதி சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, குறைந்தது 5 வருட ஓட்டுநர் அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் இருக்க வேண்டும். சொந்தக் கார் ஓட்டப் பழகுகிறவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் 10 மணி நேரமாவது அவர் கையில் வண்டி ஓட வேண்டும். யார் எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்பதற்குப் படிவம் 15 என்று ஒரு பதிவேடே இருக்கிறது. பணம் கட்டும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள். என் முறையில் நான் எவ்வளவு நேரம் ஓட்டுவேன், கடைசி நாள் வரை இதே மாஸ்டர்தான் வருவாரா என்று கேளுங்கள்.

‘மாஸ்டர்களுக்குச் சம்பளம் குறைவு, விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை அதே காரில் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்கிறார்கள். உண்மைதான், முதலாளிகள் கூடுதலாகக் கொடுக்கட்டும். அதற்காக என் உயிரை அவர் போன் பேசும் நேரத்தில் பணயம் வைக்க முடியாது. ‘நாங்கெல்லாம் அப்பாவோட அம்பாசிடரில் கத்துக்கிட்டோம், மாஸ்டரா வந்தார்?’ என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் அப்பா உங்களுக்குச் சாவியைக் கொடுத்தார். எத்தனை வீட்டில் மகளுக்குக் கொடுத்தார்கள்? ‘ஆண்களையே குறை சொல்கிறீர்கள்’ என்றும் வரும். எனக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவரும் ஆண்தான், மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

என் அக்கா என்னைவிடத் தைரியசாலி. அவளுக்கு வாய்த்த மாஸ்டர் ஒவ்வொரு கியருக்கும் திட்டினார். வீட்டில் பயிற்சி கொடுக்க உட்கார்ந்த அத்தான் அதற்கு மேல் திட்டினார். அவளும் லைசென்ஸ் வாங்கினாள். அது பீரோவில் இருக்கிறது. ஒருநாள் இரவு அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தபோது கார் வாசலில் நிற்க, அவள் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ‘உனக்கு டிரைவிங் வராது’ என்று ஒருவர் சொன்னதை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். சொன்னவருக்கு இவள் முகம்கூட நினைவிருக்காது. அந்த வீடியோவில் இருக்கும் பெண்ணுக்கு இதையே ஊர் கூடிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்பாக்ஸில் ‘நல்ல ஸ்கூல் சொல்லுங்க’ என்று கேட்கும் தங்கைகளுக்கு: ஸ்கூல் பெயர் சொல்ல மாட்டேன், ஒரே ஸ்கூலில் நல்லவரும் இருப்பார், கத்துகிறவரும் இருப்பார். முதல் வகுப்பிலேயே அவர் காலைக் கவனியுங்கள், போனைக் கவனியுங்கள். சரியில்லையென்றால் மறுநாளே ஆபீஸில் போய் வேறு மாஸ்டர் வேண்டும் என்று கேளுங்கள். ‘அவர் சீனியர் மாஸ்டர்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்பார்கள். மாட்டேன் என்று சொல்லுங்கள்.