யானை நிற்கணும், ஆனால் உள்ளே கம்பி இருக்கக் கூடாதாம்!

"கேக்குக்குள்ள கம்பி இருந்துச்சு. அந்த எடைக்கும் சேர்த்துக் காசு வாங்கிட்டீங்க." யானை வடிவில் நான் கேக் செய்து கொடுத்த வாடிக்கையாளர் நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது. கூடவே ஒரு படம். யானையை முழுசாகத் தின்று முடித்து, நட்டைக் கழற்றி, நாலு கால் கம்பிகளையும் கழுவித் தராசில் வைத்து எடுத்திருக்கிறார்கள். ஸ்பேனர் தேட நேரம் இருந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை.

ஆர்டர் கொடுத்தபோது என்ன பேச்சு? படுத்த யானை வேண்டாம், உட்கார்ந்த யானையும் வேண்டாம். நாலு காலில் நிற்கணும், தும்பிக்கை மேலே தூக்கியிருக்கணும். அப்போதே சொன்னேனே, உள்ளே கம்பியும் பலகையும் வரும் என்று! "சரிங்க, பாக்க நல்லா இருந்தா போதும்" என்றவர் இவர்தான்.

ஸ்பாஞ்சில் பாதிக்கு மேல் காற்று. அதில் கால் செய்து மேலே மூன்று கிலோ உடம்பை ஏற்றினால், பெட்டியை மூடுவதற்குள் வயிறு தரையில் கிடக்கும். அதனால்தான் 12 மி.மீ. பிளைவுட்டில் துளை போட்டு, மரை போட்ட ஸ்டெயின்லெஸ் கம்பியை நிறுத்தி, மேலும் கீழும் வாஷர் வைத்து நட்டை முடுக்குகிறோம். அடியில் நட்டு துருத்தி பலகை ஆடக் கூடாது என்று நாலு மூலையிலும் கட்டை. கம்பி கேக்கில் படக் கூடாது என்று அதற்கு ஒரு குழாய் உறை. கால்களுக்கு மேல் வயிற்றைத் தாங்க இன்னொரு பலகை, அதற்கும் நட்டு. கேக் என்பதே அதற்கு மேல்தான் ஆரம்பம். காலும் தலையும் பொரியையும் உருக்கிய மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயையும் பிசைந்து அமுக்கியவை. அதுதான் கனமில்லாமல் கெட்டியாக நிற்கும்.

எடைக்கு வருகிறேன். மூன்று கிலோ என்று நான் எழுதிக் கொடுத்தது கேக்கை மட்டும். பலகை, கம்பி, நட்டு, துளை போட்ட கூலி எதையும் கிலோ கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தால் அந்தத் தொகைக்கு யானை வந்திருக்காது. அந்தக் கம்பி இல்லாவிட்டால் முதல் வேகத்தடையிலேயே தலை தனியாகப் போயிருக்கும். அப்போது முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டிருப்பார்கள், இல்லையா?

இதுகூடப் பரவாயில்லை. அவர்களே அனுப்பிய வீடியோவைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. கேக்கை வெட்டியதும் பையனின் பிடரியைப் பிடித்து யானை முதுகில் முகத்தை அமுக்குகிறார்கள். சுற்றி நின்று ஒரே சிரிப்பு. உள்ளே கம்பி இருக்கிறது என்று பெட்டி மேலேயே கொட்டை எழுத்தில் ஒட்டித்தானே அனுப்பினேன்? கண்ணில் குத்தியிருந்தால்? யானை கேக் என்று இல்லை, சாதாரண இரண்டடுக்கு கேக்கிலும் உள்ளே குச்சி நிற்கும். பிள்ளை முகத்தைக் கொண்டுபோய் கேக்கில் அமுக்குகிற அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுத் தொலையுங்கள்!