ஒரு பக்கத் தலைவலி: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

தலையில் ஒரு பக்கம் மட்டும் வலித்தால் மைக்ரேன் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கூடவே மூக்கு ஒழுகினால் சைனஸ். வலி மேல்தாடைக்கு இறங்கினால் பல். நல்ல பல்லைப் பிடுங்கியும் வலி நிற்காமல், பக்கத்துப் பல்லையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. இந்த அலைச்சல் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் தீர்ந்துவிடும்: ஒரு தடவை வந்தால் வலி எவ்வளவு நேரம் இருக்கிறது?

மருந்து போடாத மைக்ரேன் பெரியவர்களுக்குப் பொதுவாக 4 மணி நேரத்துக்குக் குறையாது. கிளஸ்டர் தலைவலி 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம். பராக்சிஸ்மல் ஹெமிகிரேனியா 2 முதல் 30 நிமிடம்தான். ஆனால் பெரும்பாலான நாள்களில் ஐந்து தடவைக்கு மேல் வரும். சன்க்ட் (SUNCT), சூனா (SUNA) என்ற இரண்டு வகையும் சில நொடிகளில் வெட்டிவிட்டுப் போகும், அதிகபட்சம் 10 நிமிடம். மோசமான நாளில் நூறு தடவைகூட வரலாம். மைக்ரேன் தவிர மற்ற எல்லாவற்றிலும் வலிக்கிற பக்கத்துக் கண்தான் சிவக்கும், நீர் வடியும், இமை வீங்கும் அல்லது தொங்கும், அந்தப் பக்க மூக்குதான் அடைக்கும். டாக்டர் முன்னால் உட்காரும்போது இதில் ஒன்றும் தெரியாது. அதனால் வலி வரும்போது இரண்டு கண்ணும் தெரிகிற மாதிரி வீட்டில் யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். மனக்கணக்கில் 3 நிமிடம் அரைமணி ஆகிவிடும்.

பராக்சிஸ்மல் ஹெமிகிரேனியாவை 1974-ல் விவரித்தவர்கள் நார்வேயின் ஷோஸ்டாட், டேல் இருவரும். இதற்கு இண்டோமெத்தசின் என்ற பழைய, விலை குறைந்த மூட்டுவலி மாத்திரை கேட்கும். கேட்கும் என்றால், வலி குறைவதில்லை, அடியோடு நின்றுவிடும். 'கொஞ்சம் பரவாயில்லை' என்பதெல்லாம் கணக்கில் வராது. சோதனை சொதப்புவது டோஸில்தான். 25 மி.கி. இரண்டு வேளை, மூன்று நாள் கொடுத்துவிட்டு 'இண்டோமெத்தசின் கேட்கவில்லை' என்று சீட்டில் எழுதினால் அது சோதனையே இல்லை. சாப்பாட்டுக்குப் பின் 25 மி.கி. மூன்று வேளையில் தொடங்கி, சில நாளில் 50, தேவைப்பட்டால் 75 என்று ஏற்ற வேண்டும். நாளுக்கு 150 மி.கி. எட்டாமல், சில பேருக்கு 225 வரை போய்ப் பார்க்காமல், இல்லை என்று சொல்ல முடியாது. இதே வலி மாத்திரைக் குடும்பம்தானே என்று டைக்ளோஃபெனாக் கொடுத்துப் பார்ப்பதும் ஈடாகாது. மருந்து சில மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதால் ராத்திரி டோஸைத் தவறவிட்டால் விடியற்காலையில் வலி எழுப்பிவிடும். வலி நின்றபின் டோஸை மெல்ல இறக்கி, எது போதும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வயிறுதான் இதன் பலவீனம். அமிலத்தைக் குறைத்து வயிற்றைக் காக்கிற பான்டோப்ரசோல் மாதிரி ஒன்றைக் கூடவே எழுதுவார்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, ஆஸ்பிரின் போட்டால் இழுக்கிற ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் நாமே வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை இது.

சன்க்ட், சூனாவுக்கு இண்டோமெத்தசின் பயன்படாது. முகம் கழுவினால், பல் தேய்த்தால், காற்று பட்டால் கண்ணைச் சுற்றி மின்னலாய் வெட்டும் என்பதால் டிரைஜெமினல் நியூரால்ஜியா (முகத்துக்கு உணர்வு தரும் டிரைஜெமினல் நரம்பில் வரும் வலி) என்று குழம்புவது சகஜம். நியூரால்ஜியாவில் ஒரு வெட்டு முடிந்ததும் பெரும்பாலும் கொஞ்ச நேரம் தொட்டாலும் வராது. சன்க்டில் உடனே மறுபடி வரும், கண்ணிலும் நீர் கொட்டும். இரண்டிலுமே எம்ஆர்ஐ வேண்டும். அதுவும் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியும் டிரைஜெமினல் நரம்பும் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும். சாதா சிடி நார்மல் என்று வந்ததால் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சன்க்ட், சூனாவுக்கு மருந்தில் முதலிடம் லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரைக்கு. பொறுமை இல்லாதவர்களுக்கு இது எரிச்சல்தான்: நாளுக்கு 25 மி.கி. இரண்டு வாரம், 50 இரண்டு வாரம், பிறகுதான் மேலே. வலி தாங்காமல் நாமே அவசரமாக ஏற்றினால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற உயிராபத்தான தோல் எதிர்வினைக்கு வாய்ப்பு கூடும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை ஏற்கெனவே போடுகிறவர்களுக்கு இதைவிடக் குறைவாகத் தொடங்குவார்கள். அதுவரை தாங்க முடியாதபடி அடுத்தடுத்து வெட்டினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஈசிஜி பார்த்துக்கொண்டே லிடோகெய்ன் டிரிப் போடுவதுண்டு. லாமோட்ரிஜின் போடும்போது உடம்பில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் போங்கள். ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை அட்டையை மறந்து ஐந்தாறு நாள் விட்டுப்போனால், திரும்பி வந்து பழைய 200-ஐ அப்படியே விழுங்கக் கூடாது. டாக்டரைக் கேட்டு, மறுபடி 25-லிருந்துதான்.