ஹெட்டைக் கழற்றும் முன் காற்றழுத்தம் பாருங்கள்
பழைய கார் என்ஜின் நீலப் புகை விட்டாலே ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேல் வால்வுகளோடு இருக்கும் மூடியை, கழற்றி வேலை பார்க்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அதில் அவசரம் தெரிகிறது. முதலில் டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து) சரிபார்க்க வேண்டும். அது இறுகியிருந்தாலே வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் காற்றழுத்தம், விழும். பிறகு என்ஜின் சூடாக இருக்கும்போதே எல்லா பிளக்குகளையும் கழற்றி, காயில் வயரைப் பிரித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டர் வைத்து கம்ப்ரஷன் எடுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்.

சந்தேகம் தீர, அந்த பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி பிளக் துளையில் காற்றைச் செலுத்துங்கள். சீறல் கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் போயிருக்கும், அல்லது ஹெட்டில் விரிசல்.

இறக்கத்தில் கால் எடுத்து, மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகை என்றால் வால்வுத் தண்டு நகரும் குழாயான கைடும், அந்தத் தண்டில் ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீலும்தான். சில என்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றலாம்.

ரிங் தேய்ந்திருக்க ஹெட்டை மட்டும் புதுப்பிப்பது, என் கணக்கில், வீண் செலவு. கழற்றியே ஆகவேண்டும் என்றால், ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கடினமான எக்ஸாஸ்ட் சீட்டையும் (எக்ஸாஸ்ட் வால்வு வந்து அமரும் வளையம்) அப்போதே போட்டுவிடுங்கள். வி வடிவ என்ஜினில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால், இரு ஹெட்டையும் ஒரே அளவு சீவ வேண்டும். அதிகம் சீவினால், ஹெட்டுகளுக்குப் பெட்ரோல் கலந்த காற்றைக் கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்ட் சரியாகப் பொருந்தாது.