சம்பளம் இல்லாவிட்டாலும் விசா கேட்பார்கள்

"காசு வாங்காமல் உதவி செய்யத்தானே போறம், அதுக்கு ஏன் வேலை விசா?" ஜூலை, ஓகஸ்ட் விடுமுறை கிட்ட வரும்போது கொழும்பில் இந்தக் கேள்வி இரண்டு பக்கத்தாலும் வரும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து வன்னியிலோ மலையகத்திலோ சில கிழமைகள் படிப்பித்துவிட்டுப் போக ஆசைப்படும் பிள்ளைகள் ஒரு பக்கம். ஏ.எல். முடித்துவிட்டு வெளிநாட்டில் ஒரு வருடம் தொண்டராக இருக்க நினைக்கும் இங்குள்ள பிள்ளைகள் மறுபக்கம். இரு பகுதிக்கும் சொந்தக்காரர் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "விசிட் விசாவில போங்கோ, ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

கேட்பார்கள். அப்படிக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது அந்த இருபது வயதுப் பிள்ளை. புத்தி சொன்ன மாமா அந்த நேரம் பக்கத்தில் இருக்க மாட்டார்.

குடிவரவுச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும், அதிகாரிகள் பார்ப்பது பெரும்பாலும் நாலு விஷயங்களைத்தான். அதே வேலைக்கு அந்த ஊரில் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பார்களா? யாருக்காகச் செய்கிறீர்கள், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கா, தனியார் ஹோட்டலுக்கா? எத்தனை நாள்? நாட்டுக்குள் வந்த முதல் நோக்கமே அதுதானா? நீங்கள் காசு வாங்குகிறீர்களா என்பது இவற்றோடு சேர்ந்து வரும் இன்னொரு கேள்வி, அவ்வளவுதான். சாப்பாடும் படுக்கையும் தந்தாலே அதைக் கூலியாகக் கணக்கெடுக்கும் இடங்களும் உண்டு.

முதலில் எங்கள் நாட்டைப் பார்ப்போம். சுற்றுலாவுக்கான ஈ.டி.ஏ. எனும் இணையவழிப் பயண அனுமதியில் வருகிறவருக்குத் தொடக்கத்தில் 30 நாள் கிடைக்கும். கட்டுநாயக்கவில் கடவுச்சீட்டில் குத்தும் முத்திரையை ஒருதரம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஊதியத்துடனோ ஊதியமின்றியோ தொழில் செய்யக்கூடாது என்று அதிலேயே ஆங்கிலத்தில் இருக்கும். "ஊதியமின்றியோ" என்பதைப் போட்டதே இந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இருக்கத்தான். வணிக நோக்கத்துக்கான ஈ.டி.ஏ. கூட்டம், கருத்தரங்கு, குறுகிய காலப் பயிற்சி, கலை நிகழ்ச்சி போன்றவற்றுக்குரியது. ஒரு தவணை முழுக்க எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்க அது பொருந்தாது.

முறையான வழி வதிவிட விசா. அரசசார்பற்ற நிறுவனங்களில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கான பிரிவுக்குள்தான் தொண்டர்களும் வருகிறார்கள். இதைத் தொடங்க வேண்டியது வருகிறவர் அல்ல, அழைக்கிற நிறுவனம். தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களைப் பதிவதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்த நிறுவனம் என்றால், அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தின் சிபாரிசை எடுக்க வேண்டும். அதன்பிறகு, ஆள் புறப்படுவதற்கு முன்னமே நுழைவு விசா. வந்து இறங்கியபின் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் அதை வதிவிட விசாவாக மாற்ற வேண்டும். செயலகம் எந்த அமைச்சின் கீழ் என்பது அடிக்கடி மாறியிருக்கிறது. ஆனபடியால் பழைய கடிதத்தைப் பார்த்து விலாசம் போடாமல், அன்றைய நிலவரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பிழை நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, சுற்றுலா விசாவில் வந்துவிட்டு "இங்கேயே மாத்தலாம்" என்று நினைப்பது. நுழைவு விசா இல்லாமல் வந்தவரின் விண்ணப்பக் கோவை அநேகமாக முதல் மேசையிலேயே நின்றுவிடும். மற்றது, அழைக்கிற இடத்துக்கு உரிய பதிவே இல்லாமல் இருப்பது. பழைய மாணவர் சங்கமும் கோயில் சபையும் எவ்வளவு நல்ல மனதோடு அழைத்தாலும் இந்தப் பிரிவில் பொறுப்பு நிற்க முடியாது. பதிவுள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்துதான் செய்யலாம்.

மருத்துவ முகாம் வைக்கிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டு மருத்துவருக்கு விசா இருந்தாலும், நோயாளியைத் தொட இலங்கை மருத்துவச் சபையின் தற்காலிகப் பதிவு வேண்டும். அது இல்லாமல் எழுதிய மருந்துச் சீட்டால் ஒரு நோயாளிக்கு ஏதும் நடந்தால், முகாம் நடத்தியவரும் மாட்டுப்படுவார். அதேபோல, சிறுவர் இல்லத்துக்கோ பாடசாலைக்கோ யாரை அனுப்பினாலும் அவருடைய நாட்டுப் பொலிஸ் நற்சான்றிதழை முதலே கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. உண்மையாகவே உதவ வருகிறவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

இலங்கையில் பிறந்து வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் கடவுச்சீட்டோடு உள்ளே வரலாம், விசாக் கேள்வியே எழாது. ஒவ்வொரு வருடமும் வந்து வேலை செய்ய நினைக்கிறவர்கள் இதற்கு ஒருமுறை அலைந்துவிடுவது மேல். இலங்கைப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும், பிறப்பைத் தூதரகத்தில் பதிந்திருந்தால் வழி இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் குடியுரிமை கேட்கலாம்.

இப்போது வெளியே போகிறவர்களுக்கு. பிரித்தானியாவின் விதி மற்றவற்றைவிடத் தெளிவானது. சாதாரண விசிட்டர் விசாவில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். அது அங்கே பதிவு பெற்ற அறக்கட்டளைக்காக இருக்க வேண்டும், பயணத்தின் முதல் நோக்கமாக இருக்கக்கூடாது. அக்காவைப் பார்க்கப் போன இடத்தில் இரண்டு கிழமை உணவு வங்கியில் பொதி கட்டினால் பிரச்சினை இல்லை. அதற்காகவே போகிறீர்கள் என்றால் அறக்கட்டளைப் பணியாளருக்கான தற்காலிக விசா எடுக்க வேண்டும். அது அதிகபட்சம் 12 மாதம். ஸ்பொன்சர் உரிமம் உள்ள அறக்கட்டளை சான்றிதழ் தர வேண்டும். வங்கியில் 1,270 பவுண் 28 நாள் தொடர்ந்து கிடந்ததைக் காட்ட வேண்டும், அல்லது அறக்கட்டளை அந்தப் பொறுப்பை எழுத்தில் ஏற்க வேண்டும். 27ஆம் நாள் ஆயிரம் ரூபாய் எடுத்து மீதி குறைந்துபோனாலும் நிராகரிக்க அது போதும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் இலங்கையிலிருந்து போகிறவருக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அதை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் எடுக்க வேண்டும், குடும்ப டொக்டரின் கடிதம் செல்லாது.

அங்கே படிக்கப் போன பிள்ளைகளுக்கும் ஒரு பொறி இருக்கிறது. மாணவர் விசாவில் விரும்பிய நேரம் போய் உதவி செய்வதற்குத் தடை இல்லை. ஆனால் பழைய உடுப்பு விற்கும் அறக்கட்டளைக் கடையில் ஒப்பந்தம் போட்டு, "திங்கள், புதன் கட்டாயம் வர வேண்டும்" என்று நேர அட்டவணை தந்தால், ஒரு சதம் வாங்காவிட்டாலும் அது கிழமைக்கு 20 மணித்தியால வேலைக் கணக்குக்குள் சேரும். இரவில் சூப்பர் மார்க்கெட்டில் 18 மணித்தியாலம் செய்கிறவர் இதனால் தெரியாமலே எல்லையைத் தாண்டிவிடுவார்.

எங்கள் மருத்துவர்கள் பலர் அங்குள்ள வைத்தியசாலைகளில் சம்பளமில்லாத இணைப்புப் பயிற்சிக்குப் போகிறார்கள். விசிட்டர் விசாவில் அதற்கு இடம் உண்டு, ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும். நோயாளிக்குச் சிகிச்சை செய்யக்கூடாது. அழைப்புக் கடிதத்தில் அந்த வசனம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கனடாவின் ஒழுங்குவிதியில் சம்பளம் கொடுக்கும் செயல் மட்டுமல்ல, கனேடியரின் வேலைச் சந்தையோடு நேரே போட்டி போடும் செயலும் வேலைதான். அவுஸ்திரேலியாவில் வழக்கமாகச் சம்பளம் கிடைக்கும் எந்தச் செயலும் வேலைக்குள் அடங்கும். அங்கே விசிட்டர் விசாவில் வேலை செய்யக்கூடாது என்ற 8101 நிபந்தனை இருந்தால், தங்கும் விடுதியில் இலவசப் படுக்கைக்காக அறை கூட்டுவதும் மீறல்தான். அந்த வேலைக்கு அங்கே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். தாய்லாந்திலும் தொண்டருக்கு உரிய விசாவும் வேலை அனுமதியும் தனித்தனியாக வேண்டும். அமெரிக்காவில் மதம் அல்லது தொண்டு நிறுவனம் ஒன்றின் சேவைத் திட்டத்துக்கு பி-1 எனும் வணிக வருகை விசா போதும். ஆனால் இலாபம் தேடும் கம்பனியில் "சும்மா" வேலை செய்ய அதில் இடமில்லை.

இந்தியா எங்களுக்குக் கிட்ட, அடிக்கடி போகிற இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஈ-டூரிஸ்ட் விசாவில் எந்தக் கைமாறும் இல்லாத தொண்டு வேலையை அதிகபட்சம் ஒரு மாதம் செய்யலாம், இதை அவர்களே எழுத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் வேலை விசா வேண்டும். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் சம்பளமின்றிச் செய்பவருக்கு அந்த விசாவின் குறைந்தபட்சச் சம்பள விதி பொருந்தாது. விசாவிலேயே நிறுவனத்தின் பெயரும் இடமும் குறிக்கப்படும். மதுரை என்று குறித்திருக்க, நிறுவனம் சொன்னது என்று நாகப்பட்டினத்துக்கு மாறிப்போகக் கூடாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இதை விட்டுவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் தவிக்கிறவர்கள் நிறையப் பேர்.

பிரித்தானியாவுக்கு 30 நாள், இந்தியாவுக்கு ஒரு மாதம். இந்த அளவு சலுகையை இலங்கையும் கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பதிவு பெற்ற நிறுவனம் ஒன்று முன்கூட்டி அறிவித்து, பொலிஸ் நற்சான்றிதழைக் கொடுத்து, பொறுப்பும் ஏற்றால், மூன்று கிழமை வரும் ஒருவருக்கு ஈ.டி.ஏ.யிலேயே அதற்கென ஒரு பிரிவு வைக்கலாம். மூன்று கிழமைக்காக ஒரு வருட வதிவிட விசாவின் பாதை முழுவதும் நடக்கச் சொல்வதால், வருகிறவர்கள் பொய் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். யார் எந்தச் சிறுவர் இல்லத்தில் இருக்கிறார் என்று அரசாங்கத்துக்கும் தெரியாமல் போகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்து கரையோரமெல்லாம் வேலை செய்தார்கள் என்பதை நாடே பார்த்தது. அப்போதே இதற்கு ஓர் ஒழுங்கு செய்திருக்க வேண்டும்.

அதே நேரம், கட்டுப்பாடே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தோட்டப் பாடசாலைக்கு வருடம் முழுக்க மாறி மாறி இலவச வெளிநாட்டு ஆசிரியர் வந்தால், அந்த ஊரில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளையை யாரும் எடுக்க மாட்டார்கள். சம்பளமில்லாத வேலையையும் சட்டம் தொடுவதற்கு இதுதான் நியாயமான காரணம்.

எந்த நாட்டுக்குப் போனாலும் கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். நிறுவனத்தின் பதிவு இலக்கம், உங்கள் பெயரும் பிறந்த திகதியும், செய்யப்போகும் வேலை, இடம், தொடங்கும் முடியும் நாட்கள், சம்பளம் இல்லை என்பது, தங்குமிடச் செலவு யாருடையது என்பது, தொடர்பு கொள்ளக்கூடிய ஒருவரின் பெயர். விசா விண்ணப்பத்தில் எழுதியதும் இந்தக் கடிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் "சுற்றுலா" என்று போட்டுவிட்டு, வட்ஸ்அப்பில் "திங்கள் 7.30க்கு வகுப்பு" என்ற செய்தியோடு எல்லையில் நின்றால், அதிகாரி அலைபேசியை வாங்கிப் பார்த்த அந்த நிமிடமே கதை முடிந்துவிடும். திருப்பி அனுப்பிய பதிவு அடுத்த விசா விண்ணப்பங்களிலும் பின்தொடரும். "எப்போதாவது நுழைவு மறுக்கப்பட்டதா?" என்று பல நாடுகளின் படிவங்களில் கேட்கிறார்கள்.

கடைசியாக ஏஜென்சிக்காரர்கள். ஜெர்மனியின் தன்னார்வச் சமூக வருடம், 2011இல் தொடங்கிய கூட்டாட்சித் தன்னார்வ சேவை இரண்டுமே உண்மையான திட்டங்கள். கைச்செலவுப் பணமும் சமூகக் காப்புறுதியும் உண்டு, அதற்குரிய தேசிய விசாவும் உண்டு. நிறுவனத்தோடு கையெழுத்திட்ட உடன்படிக்கை இல்லாமலும், முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியோடு பேசுமளவு ஜெர்மன் தெரியாமலும் அந்த விசா சாத்தியமில்லை. இந்த இரண்டையும் பற்றிப் பேசாமல் "தொண்டர் விசா ரெடி" என்று இலட்சக்கணக்கில் கேட்கிறவருக்குக் காசு கட்ட முன், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிம இலக்கத்தை வாயால் சொன்னால் போதாது, பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.