லண்டனில் ‘பயோ பிரிவு’ என்று ஒன்று இல்லை

சென்ற ஐப்பசியில் வெம்பிளியில் ஒரு பிறந்தநாள் விழா. கொத்துரொட்டித் தட்டைக் கையில் ஏந்தியபடி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் மகளின் அருகில் அமர்ந்த அவளுடைய பெரியப்பா, “பிள்ளை, சிக்ஸ்த் ஃபோர்முக்கு என்ன எடுக்கப் போறாய்?” என்று கேட்டார். “மத்ஸ், ஃபிசிக்ஸ், ஆர்ட்” என்றாள் அவள். “உதென்ன, கீறுறதும் ஒரு பாடமே? கெமிஸ்ட்ரியை எடு பிள்ளை. கெமிஸ்ட்ரி கையிலை இருந்தால் பிறகு எந்தப் பக்கமும் போகலாம்” என்றார் அவர்.

அத்தான் நல்ல மனிதர். எங்கள் பிள்ளைகள்மீது உண்மையான அக்கறை உள்ளவர். ஆனால் 2021இல் என் மகனுக்கும் அவர் இதே அறிவுரையைத்தான் சொன்னார், நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என் மகன் ஓர் ஆண்டை விலையாகக் கொடுத்தான். சிக்ஸ்த் ஃபோர்மில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் படிக்கும் ஏ லெவலுக்கான பாடத் தெரிவுப் படிவங்கள் வீடுகளுக்கு வந்து சேரும் இந்த நாட்களில் இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

எங்கள் தலைமுறை இந்தத் தவறை ஏன் செய்கிறது என்பது எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணத்தில் நான் உயர்தரம் படித்தபோது பாடத்தை யாரும் தெரிவு செய்வதில்லை. பிரிவையே தெரிவு செய்தோம். ‘பயோ’ என்றால் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல். ‘மத்ஸ்’ என்றால் தூய கணிதம், பிரயோக கணிதம், அவற்றோடு அதே இரசாயனவியலும் பௌதிகவியலும். அந்த இரண்டுக்கும் கிடைக்காதவர்களுக்கு வர்த்தகம், அதுவும் இல்லையென்றால் கலை என்று வகுப்பறைகளின் வரிசையிலேயே ஒரு சாதியமைப்பு இருந்தது. பல்கலைக்கழக இடங்களோ மிகக் குறைவு. மாவட்டக் கோட்டா, வெட்டுப்புள்ளி என்று எல்லாம் கடந்து உள்ளே போகிறவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அந்த நிலைமையில் மேலே இருக்கும் பிரிவைப் பிடித்துத் தொங்குவது மடமையல்ல. இரசாயனவியல் இரண்டு பெரிய பிரிவுகளுக்கும் பொதுவான பாடமாக இருந்ததால், “அது இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம்” என்ற பேச்சும் அங்கே ஏறக்குறைய உண்மையாகவே இருந்தது.

இங்கே பிரிவு என்ற ஒன்றே கிடையாது. இங்கிலாந்தில் பிள்ளை பதினாறு வயதில் ஒன்பது, பத்துப் பாடங்களில் ஜிசிஎஸ்இ எழுதிவிட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்றே மூன்று பாடங்களைக் கையில் வைத்துக்கொள்கிறது. இயற்பியலோடு சித்திரத்தையும், கணிதத்தோடு வரலாற்றையும் சேர்த்து எடுக்கலாம். பாடசாலையின் நேரசூசி இடம் கொடுத்தால் போதும். இப்படி விரிந்த சுதந்திரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் பக்கத்தில் நின்று எங்கள் ஊர்ப் பிரிவுகளையே மறுபடி கட்டி எழுப்புகிறோம். உயிரியல், இரசாயனவியல், கணிதம்: லண்டன் தமிழ் வீடுகளில் இந்த மூன்றும் ஏதோ ஒரே பாடத்தின் மூன்று பெயர்கள் போலாகிவிட்டன.

என் மகனும் அந்த மூன்றையுமே எடுத்தான். கொரோனாவால் பரீட்சைகள் நடக்காமல், ஆசிரியர்களே புள்ளி வழங்கிய 2021ஆம் ஆண்டில் அவனுக்கு ஜிசிஎஸ்இ இரசாயனவியலில் 7 கிடைத்திருந்தது. 7 என்பது பழைய கணக்கில் ‘ஏ’ அல்லவா, இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தோம். சேர்ப்பு நாளில் பாடசாலையும் எதுவும் சொல்லவில்லை. படிவத்தை வாங்கி முத்திரை குத்தியது. மாசி மாதத்தில் ஒருநாள் அவனுடைய கொப்பியைத் தற்செயலாகத் திறந்து பார்த்தேன். சேதன இரசாயனத்தில் இலத்திரன்கள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்று வளைந்த அம்புக்குறிகளால் காட்டுவார்களே, அப்படி ஒரே தாக்கத்தை அவன் அடுத்தடுத்து ஆறு முறை எழுதியிருந்தான். ஆறிலும் அம்புக்குறி வெவ்வேறு இடத்தில் தொடங்கியது. அவன் படிக்காமல் இல்லை. விளங்காத ஒன்றைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறான். நானும் ஊரில் இரசாயனவியலைப் படித்தவள் என்பதால் அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முன்பு முதலாம் ஆண்டின் இறுதியில் ஏஎஸ் பரீட்சை இருந்தது. அதன் புள்ளி ஏ லெவலின் பாதியாகக் கணக்கில் சேர்ந்தது. 2015இல் தொடங்கிய சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது; இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பும் முடிவில் ஒரே அடியாகச் சோதிக்கப்படுகிறது. ஆகவே பிள்ளை தவறான பாடத்தில் நிற்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்லும் பரீட்சை எதுவும் நடுவில் இல்லை. பாடசாலையின் மாதிரிப் பரீட்சை மட்டுமே உண்டு. மகனுக்கு அதில் இரசாயனவியலில் ‘யு’, அதாவது சித்தியின்மை, வந்தது. அந்தப் புள்ளியுடன் ஏ லெவலின் இரண்டாம் ஆண்டான பதின்மூன்றாம் ஆண்டுக்கு ஏற்ற முடியாது என்று, சேர்ப்பு நாளில் வாய் திறக்காத அதே பாடசாலை ஒரு கடிதத்தில் தெளிவாக எழுதி அனுப்பியது. அவன் வேறொரு கல்லூரியில் பன்னிரண்டாம் ஆண்டை மீண்டும் தொடங்கினான்; இந்த முறை புவியியல், கணிதம், பொருளியல். இப்போது வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஜிசிஎஸ்இயிலேயே அவனுக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தானின் வாக்கியத்தை இப்போது உரைத்துப் பார்ப்போம். இரசாயனவியல் மருத்துவத்துக்கு அநேகமான இடங்களில் கட்டாயம். மருந்தாளர் படிப்புக்கும் இரசாயனப் பொறியியலுக்கும் அப்படியே. ஆனால் இயந்திரவியல், குடிசார் பொறியியல் போன்றவற்றுக்குக் கணிதமும் இயற்பியலும்தான் திறவுகோல். அங்கே இரசாயனவியலை முன்நிபந்தனையாகக் கேட்பதில்லை. கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ, வாரிக் போன்ற இடங்களில் பொருளியல் படிப்பதற்குக் கணிதம் அவசியம். வேடிக்கை என்னவென்றால், ஏ லெவல் பொருளியல் அவசியமில்லை. கணினி விஞ்ஞானத்திலும் இதே கதை: இம்பீரியல் போன்ற இடங்கள் கேட்பது கணிதத்தை, முடிந்தால் ஃபர்தர் மத்ஸ் என்ற மேலதிகக் கணிதத்தையும், ஏ லெவல் கணினி விஞ்ஞானம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. சட்டத்துக்கு எந்தப் பாடமும் கட்டாயமில்லை. நீண்ட கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளையாக இருந்தால் போதும், சில பல்கலைக்கழகங்கள் எல்நாட் என்ற தனிப் பரீட்சையும் வைக்கின்றன. உண்மையிலேயே பல கதவுகளைத் திறக்கும் ஒரு பாடத்தைச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டால் கணிதத்தைச் சொல்வேன். ஏ லெவலில் மிக அதிகமானவர்கள் எடுக்கும் பாடமும் அதுதான். 2024இல் அந்த எண்ணிக்கை முதன்முறையாக ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

ரஸ்ஸல் குழுமம் என்ற 24 பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒரு காலத்தில் ‘வழி திறக்கும் பாடங்கள்’ என்று ஒரு பட்டியலை வைத்திருந்தது. கணிதம், அறிவியல் பாடங்கள், ஆங்கில இலக்கியம், வரலாறு, புவியியல், மொழிகள் என்பன அதில் இருந்தன. அந்தப் பட்டியலை அவர்களே 2019இல் கைவிட்டார்கள். அதில் இல்லாத பாடங்கள் எல்லாம் மட்டமானவை என்று மக்கள் விளங்கிக்கொண்டதுதான் சிக்கல். இப்போது இன்ஃபோர்ம்ட் சொய்சஸ் என்ற இணையத்தளத்தில், எடுக்க நினைக்கும் பாடங்களைக் கொடுத்தால் அவற்றால் எந்தப் பட்டப்படிப்புகள் திறக்கின்றன என்று காட்டுகிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலோ அந்தப் பழைய பட்டியல் இன்றும் உயிரோடு உலாவுகிறது.

மருத்துவம் படிக்க வேண்டும் என்று பிள்ளையே விரும்பினால் நான் சொன்ன எதுவும் அதற்குத் தடையல்ல. இரசாயனவியலையும் உயிரியலையும் எடுக்கட்டும். ஆனால் அந்த வழி எத்தனை ஒடுக்கமானது என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும் மருத்துவத்துக்கு நான்கு மட்டுமே, விண்ணப்ப முடிவுத் திகதி மற்றவர்களுக்குத் தை மாதத்தில் என்றால் இவர்களுக்கு ஒக்டோபர் 15, அதற்கு முன் கோடையிலேயே யூகேட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும், பிறகு நேர்முகம். நல்ல புள்ளிகள் பெற்ற பிள்ளைகளே வெறுங்கையுடன் திரும்புகிறார்கள். அப்போது மிஞ்சுவது அந்த ஐந்தாவது இடம். உயிரியல், இரசாயனவியலில் மனமே இல்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அந்த ஐந்தாவது இடத்தில் உயிர்மருத்துவ விஞ்ஞானத்தை எழுதிக் கொடுப்பதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை.

“விருப்பம் சோறு போடுமா?” என்று கேட்பவர்களுக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. யூகாஸ் புள்ளி முறையில் ‘ஏ ஸ்டார்’ 56, ‘ஏ’ 48, ‘சி’ 32. தேவைப்படாத ஒரு ‘கௌரவமான’ பாடத்தில் ‘சி’ எடுப்பதும் பிடித்த பாடத்தில் ‘ஏ’ எடுப்பதும் அங்கே பதினாறு புள்ளி வித்தியாசம். புள்ளிக் கணக்கைப் பார்க்காமல் தரங்களை மட்டும் பார்க்கும் பெரிய பல்கலைக்கழகங்களில் அந்த ‘சி’ விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடும். பதினேழு வயதில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு புத்தகத்தைத் தானாகத் திறக்கச் செய்வது என்னவோ, அதுதான் தரத்தையும் கொண்டுவருகிறது. ஆகையால் என் கருத்து இதுதான்: மூன்றில் ஒன்றோ இரண்டோ, பிள்ளை போகக்கூடும் என்று நினைக்கும் துறைகளின் கட்டாயப் பாடங்களாக இருக்கட்டும், குறைந்தது ஒன்றாவது, எந்தப் பெரியப்பாவின் ஒப்புதலும் தேவையில்லாத பாடமாக இருக்க வேண்டும்.

எதிர்காலத் தொழிலைப் பற்றி எல்லோரும் சோதிடம் சொல்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை “கோடிங் படித்தால் வேலைக்குப் பஞ்சமில்லை” என்றவர்களே இப்போது செயற்கை நுண்ணறிவு கோடிங்கைத் தின்றுவிடும் என்கிறார்கள். இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வேலைக்குப் போகப்போகும் பிள்ளைக்கு இன்றைய வதந்தியை வைத்து மூன்று பாடங்களைத் தைத்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று, எங்கள் வீடுகளில் பேசப்படவே பேசப்படாதது. 2020இல் அறிமுகமான டி லெவல், மூன்று ஏ லெவல்களுக்கு நிகராகக் கணக்கிடப்படும் இரண்டாண்டுத் தொழில்நுட்பக் கல்வி; அதில் குறைந்தது 45 நாட்கள் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த படியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் படிக்கும் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் இருக்கிறது. படிப்புக் கட்டணத்தை மாணவர் கட்டுவதில்லை. மற்றவர்களுக்கு அந்தக் கட்டணம் 2025இல் ஆண்டுக்கு 9,535 பவுண். கடன் எடுத்தால், வருமானம் 25,000 பவுணைத் தாண்டும் பகுதியில் ஒன்பது சதவீதம் வீதம் நாற்பது ஆண்டுகள் வரை கழிபடும். வீட்டுக் கடனின் வட்டியைப் பென்ஸ் கணக்கில் பார்க்கும் நாங்கள், இந்தக் கணக்கைப் பிள்ளையுடன் உட்கார்ந்து ஒருமுறைகூடப் போட்டுப் பார்ப்பதில்லை.

என் மகள் கட்டடக் கலைஞராக விரும்புகிறாள். அந்தப் படிப்புக்குப் பல இடங்களில் சித்திரத் தொகுப்பு ஒன்றைக் கேட்கிறார்கள். பட்டம், மேற்படிப்பு, தொழிற்பயிற்சி எல்லாம் சேர்த்து வழமையாக ஏழு ஆண்டுகள் ஆகும். மருத்துவப் பட்டத்துக்கே ஐந்து ஆண்டுதான் என்று அத்தானிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் தடுமாறினார் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது இனித்தது. “கீறுறது” இலேசான பாடமும் அல்ல. ஏ லெவல் சித்திரத்தில் அறுபது சதவீதம் மாதக்கணக்கில் செய்யும் சொந்த வேலைக்கு. மீதிக்கான பரீட்சை பதினைந்து மணித்தியாலம், பல நாட்களாகப் பிரித்து நடக்கும். ஜிசிஎஸ்இ வேலைக்காக எங்கள் சமையலறை மேசையில் அவள் விரித்து வைத்திருக்கும் கரித்தூள் படிந்த தாள்களுக்கு இடையில்தான் இப்போது நாங்கள் இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறோம்.

கார்த்திகையில் இரண்டு பாடசாலைகளின் திறந்த மாலைகளுக்குப் போனோம். மகனின் விடயத்தில் நான் கேட்கத் தவறிய கேள்வியை இந்த முறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: “சென்ற ஆண்டு இந்தப் பாடத்தைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் இடையில் விட்டார்கள், அவர்கள் என்ன தரத்துடன் வந்தவர்கள்?” முதல் பாடசாலையில் இயற்பியல் ஆசிரியர் சிரித்துவிட்டு, வழவழப்பான விளக்கக் கையேடு ஒன்றைக் கையில் தந்தார். இரண்டாவது பாடசாலையின் ஆசிரியை ஒரு கணம் யோசித்து, “ஐந்து பேர். நான்கு பேர் 6 எடுத்து வந்தவர்கள், கணிதத்தையும் சேர்த்து எடுக்காதவர்கள்” என்றார், பிறகு என்னை விட்டுவிட்டு மகளின் பக்கம் திரும்பி, கணிதத்தில் அவள் இப்போது என்ன படிக்கிறாள் என்று விசாரிக்கத் தொடங்கினார். தை மாதம் படிவம் நிரப்பும்போது மகள் அந்தப் பாடசாலையை முதலாவதாக எழுதினாள். மேலதிகப் பாடத்துக்கான கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாள். அண்ணாவைக் கேள் என்றேன்.